வாடகை வீடு, 20,000 ரூபாய், ஒரு குட்டியானை

கேள்வி இதுதான்: "மதுரையிலிருந்து வேலைக்காகப் பெங்களூரு வந்து மூன்று மாதம் ஆகிறது. ராமமூர்த்தி நகரில் இரண்டு படுக்கையறை வாடகை வீடு. சுவர் வெள்ளை, தரை வெள்ளை, ட்யூப்லைட்டும் வெள்ளை. ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது. இன்டீரியர் ஆளைக் கேட்டால் மூன்று லட்சம் என்கிறார். கையில் இருப்பது 20,000. நாங்களே செய்து வீட்டை அழகாக்க முடியுமா? ஓனர் ஆணி அடிக்கக் கூடாது என்று வேறு சொல்லியிருக்கிறார்."

முடியும். 2,000 ரூபாய் மிச்சம்கூடப் பிடிக்கலாம். ஆனால் கடைக்குக் கிளம்பும் முன் ஒரு கேள்வியைப் பழக்கிக்கொள்ளுங்கள்: இந்தப் பொருள் குட்டியானையில், அதாவது வீடு மாற்றும்போது வருகிற சின்ன லோடு வண்டியில், ஏறுமா?

நான் மர்பி டவுனில் வளர்ந்தவன். அப்பா பெயிண்டர். பள்ளி லீவில் அவரோடு போய் உப்புத்தாள் தேய்த்ததுதான் என் முதல் சம்பளம். கல்யாணமாகி பதினாறு வருஷத்தில் ஆறு வாடகை வீடு மாறியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் அந்தக் குட்டியானை வண்டி வாசலில் வந்து நிற்கும்போதுதான் எது நம் காசு, எது ஓனருக்கு விட்டுவிட்டுப் போகிற காசு என்று பளிச்சென்று தெரியும். இரண்டாவது வீட்டில் ஹாலில் ஒரு சுவர் முழுக்க வால்பேப்பர் ஒட்டினேன். 11,000 ரூபாய். பதினான்காவது மாதம் ஓனர் தன் மகனுக்குக் கல்யாணம், வீடு வேண்டும் என்றார். வால்பேப்பர் அங்கேயே நின்றுவிட்டது. அதைச் சுரண்டி எடுத்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அட்வான்ஸிலும் கை வைத்தார். அதிலிருந்து வண்டியில் ஏறாத எதற்கும் நான் பெரிய காசு போடுவதில்லை.

முதலில் உங்கள் ஒப்பந்தப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் பெயிண்டிங்குக்குப் பிடித்துக்கொள்ளும் வழக்கம் பெங்களூரில் பரவலாக உண்டு. உங்கள் பத்திரத்திலும் அந்த வரி இருந்தால், ஓனரிடம் பேச அதுவே உங்களுக்குப் பிடி. எப்படியும் உங்கள் காசில்தான் சுவர் வெள்ளையாகப் போகிறது. நடுவில் ஒரு சுவருக்கு மட்டும் நிறம் அடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்பதில் தப்பில்லை. ஆணி விஷயமும் அப்படித்தான். "மொளெ ஹொடீபேடி" (ஆணி அடிக்காதீர்கள்) என்று கன்னடத்தில் சொல்லும் ஓனர்கள் உண்மையில் பயப்படுவது சுத்தியலுக்கு. ஆணியை அடித்து இறக்கினால் பூச்சு உள்ளங்கை அகலத்துக்குப் பெயர்ந்து விழும். ட்ரில்லில் 6 மி.மீ. பிட் போட்டு எடுத்த ஓட்டை சுண்டுவிரல் நகம் அளவுகூட இருக்காது. அடைத்துவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாது. எங்கே, எத்தனை ஓட்டை என்று அவரை நேரில் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒப்புக்கொண்டதை வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம்.

வெள்ளைச் சுவரின் மேல் பழியைப் போடாதீர்கள். குற்றவாளி விளக்குதான். வாடகை வீடுகளில் ஓனர் மாட்டிவிட்டுப் போகும் பல்பும் ட்யூபும் பெரும்பாலும் 6500 கெல்வின், அதாவது நீலம் கலந்த வெள்ளை. அட்டைப் பெட்டியிலேயே போட்டிருக்கும், பாருங்கள். அதே பல்பு 2700 அல்லது 3000 கெல்வினில் வாங்கினால் வெளிச்சம் விளக்கேற்றிய மாதிரி மஞ்சளாக விழும். விலை ஒன்றுதான், கரண்ட் செலவும் ஒன்றுதான். ஹாலுக்கும் படுக்கையறைக்கும் இதை மாற்றுங்கள். சமையலறைக்கும், படிக்கிற மேஜைக்கும் 4000 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் கீரை ஆய்ந்தால் புழு தெரியாது.

அடுத்தது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பது. கூரையில் ஒரே ஒரு ட்யூப் எரிந்தால் அறை முழுக்க ஒரே மாதிரி வெளுத்து, நிழலே இல்லாமல் இருக்கும். அதை அணைத்துவிட்டு, உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வருகிற மாதிரி இரண்டு மூன்று சின்ன விளக்குகளை மூலைக்கொன்றாக வையுங்கள். கடையில் ரெடிமேட் விளக்கு வாங்கினால் ஒன்றே 2,000, 3,000 என்று போகும். அல்சூர் மார்க்கெட் பக்கம் 150, 200 ரூபாய்க்கு மூங்கில் கூடை கிடைக்கும். அதைக் கவிழ்த்து, அடியில் ஹோல்டர் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டால் அதுதான் விளக்குக் கூண்டு. ஹோல்டர், இரண்டு மீட்டர் வயர், நடுவில் ஒரு ஸ்விட்ச், முனையில் பிளக், எல்லாம் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். இரவில் பின்னல் வழியாகச் சுவரில் விழும் கோடுகளுக்கு எந்த வால்பேப்பரும் ஈடில்லை.

இதில் மூன்று எச்சரிக்கை. கூடைக்குள் 7 வாட் எல்.இ.டி. மட்டும் போடுங்கள், பழைய குண்டு பல்பு சூட்டில் மூங்கில் கருகும். தொங்கவிடுவதானால் எடையை வயர் தாங்கக் கூடாது, தனியாக ஒரு கயிறு தாங்க வேண்டும். மூன்றாவது, நம் வீட்டுச் சுவர் ஹோல்டர்கள் பெரும்பாலும் அழுத்தித் திருப்பும் பி22 வகை. அலங்கார விளக்குகளுக்கு வருவது திருகி மாட்டும் இ27. பல்பை வாங்கி வீட்டுக்கு வந்து மாட்டப் பார்த்து, திரும்ப எஸ்.பி. ரோட்டுக்கே போன அனுபவம் எனக்கு இரண்டு முறை உண்டு. போனில் ஹோல்டரைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள்.

விளக்கை மாற்றி ஒரு வாரம் அப்படியே இருந்து பாருங்கள். பாதிக் குறை அதிலேயே போயிருக்கும். மீதியை அப்புறம் முடிவு செய்யலாம்.

அடுத்து திரைச்சீலை. இதில் மதுரைக்காரர் என்பது உங்களுக்கு அதிர்ஷ்டம். ஊரிலிருந்து சுங்குடிச் சேலை வரவழையுங்கள். புவிசார் குறியீடு வாங்கிய துணி, கைக்கு மெத்தென்ற பருத்தி, புள்ளி புள்ளியாக நிறம். வெளிச்சம் அதன் வழியாக வரும்போது அந்தப் புள்ளிகள் தனியாக ஒளிரும். இங்கே கடைகளில் திரைச்சீலை என்று விற்கிற பாலியஸ்டரை அதன் பக்கத்தில் வைக்க முடியாது.

கணக்கைச் சொல்கிறேன். சேலை நீளம் சுமார் 5.5 மீட்டர், அதாவது 18 அடி. அகலம் 4 அடிக்குச் சற்றுக் குறைவு. தரை வரை தொங்கும் 7 அடித் திரைக்கு மேல் மடிப்பு, கீழ் மடிப்பு சேர்த்து ஏழரை அடி வேண்டும். ஆக ஒரு சேலையில் இரண்டு திரை போக மூன்றடித் துண்டு மிஞ்சும். அதை வீசிவிடாதீர்கள், 16 அங்குலத் திண்டுக்கு இரண்டு உறை வரும். திரையும் திண்டும் ஒரே துணியாக இருந்தால், யோசித்துச் செய்த வீடு என்று தோன்றும். திரை மடிப்பு மடிப்பாக விழ வேண்டுமென்றால் மொத்தத் துணி அகலம் ஜன்னலைப் போல இரண்டு மடங்கு இருக்க வேண்டும். 4 அடி ஜன்னலுக்கு இரண்டு திரை, அதாவது ஒரு சேலை, கச்சிதம்.

வெட்டும் முன் சேலையை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். பருத்தி சுருங்கும். தைத்த பிறகு துவைத்துவிட்டு, தரையைத் தொட்டுக்கொண்டிருந்த திரை கணுக்காலுக்கு ஏறிப் பார்த்தவன் சொல்கிறேன். முதல் சில துவைப்பில் சாயமும் போகும், வேறு எதோடும் சேர்க்காதீர்கள். வெயில் நேராக அடிக்கிற மேற்கு ஜன்னலாக இருந்தால் உள்பக்கம் காடாத் துணியில் ஒரு லைனிங் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒரு வருஷத்தில் வெளுத்துவிடும். காடா சிக்பேட்டையில் மலிவு. மெட்ரோவில் சிக்பேட்டே நிலையத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். அந்தச் சந்துகளில் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற தவற்றை மட்டும் செய்யாதீர்கள்.

தைப்பதற்குத் தெரு முனையில் சேலைக்கு ஃபால்ஸ் வைத்துத் தருகிற டைலரே போதும். வளையம் அடிக்கக் கொடுக்கும்போது எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்கட்டும், எட்டோ பத்தோ. அப்போதுதான் திரையின் இரண்டு ஓரமும் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கும். ஒற்றைப்படையானால் ஒரு ஓரம் அறைக்குள் துருத்திக்கொண்டே இருக்கும். கம்பியை ஜன்னல் சட்டத்தின் தலையிலேயே மாட்டாமல் ஆறேழு அங்குலம் மேலே, பக்கத்துக்கு ஆறு அங்குலம் வெளியே தள்ளி மாட்டுங்கள். ஜன்னல் பெரிதாகத் தெரியும், அறையும் உயர்ந்த மாதிரி இருக்கும். திரையை ஒதுக்கினால் கண்ணாடியை மறைக்காது, வெளிச்சமும் குறையாது. பழைய பட்டுச் சேலையைத் திரையாக்கும் யோசனை நிறையப் பேருக்கு வரும். வேண்டாம். வெயிலில் பட்டு நூல் இற்றுப்போகும், ஜரிகை கறுக்கும். அம்மாவின் பட்டு பீரோவிலேயே இருக்கட்டும்.

இப்போது சுவர். வண்டியில் ஏறாத ஒன்றுக்கு நான் அனுமதிக்கிற ஒரே செலவு இது. 2,000 ரூபாய்ச் சொச்சத்தில் முடிகிறது என்பதால்தான் அனுமதி. ஒரே ஒரு சுவர், கதவைத் திறந்ததும் கண்ணில் படுகிற சுவர்.

பெயிண்ட் வாங்கும் முன் சுவரில் ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஓரடிக்கு ஓரடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவருக்குள் ஈரம். குளியலறைக்கு முதுகு காட்டும் சுவர், மாடி ஒழுகும் சுவர், உப்புப் பூத்த சுவர், இவற்றில் என்ன அடித்தாலும் ஒரு மழைக்காலத்தில் பொரிந்து விழும். அது ஓனர் சரிசெய்ய வேண்டிய வேலை. நீங்கள் பட்டி பார்த்து, அதாவது குழியை நிரப்பும் புட்டி பூசி, மூடினால் உங்கள் காசுக்குத்தான் நஷ்டம்.

நிறத்தைக் கடைக்காரர் காட்டும் தபால்தலை அளவுத் துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சின்ன டப்பா ஒன்று வாங்கி, முழு சார்ட் பேப்பரில் இரண்டு கை (கோட்) அடித்து, சுவரில் டேப் போட்டு ஒட்டி, காலை வெயிலில் ஒருமுறை, இரவில் புது மஞ்சள் விளக்கில் ஒருமுறை பாருங்கள். என் கண்ணுக்கு வாடகை வீட்டு வெள்ளைக்கு நடுவில் செம்மண் நிறமும், மயில்கழுத்துப் பச்சையும் நன்றாக இருக்கும். சாம்பல் வேண்டாம் என்பேன். பெங்களூரில் ஜூலை, ஆகஸ்டில் வானமே சாம்பலாகத்தான் இருக்கிறது, வீட்டுக்குள் வேறு எதற்கு?

10 அடி அகலம், ஒன்பதரை அடி உயரம் என்றால் 95 சதுர அடி. எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கைக்கு ஏறக்குறைய 100 சதுர அடி வரும். ஆனால் முதல்முறை அடிக்கிற கை கொஞ்சம் அதிகமாகவே குடிக்கும். இரண்டு லிட்டராக வாங்கி மீதியைப் பத்திரமாக வையுங்கள், கடைசியில் ஒரு வேலை இருக்கிறது.

அப்பா சொல்வார்: "அடிக்கிறது ஒரு மணி நேரம்டா, அதுக்கு முன்னாடி ரெண்டு நாள்." அந்த இரண்டு நாளைத்தான் எல்லாரும் முழுங்கிவிடுகிறார்கள். கறுப்புத் துணியால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் அது மலிவு டிஸ்டெம்பர். அதன் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் தோலாக உரியும். 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் துடைத்து, காயவிட்டு, குழி இருக்கும் இடத்தில் பட்டி பார்த்து, அது காய்ந்ததும் 220-ஆல் மறுபடி தேய்த்து, ஒரு கை பிரைமர் அடித்த பிறகுதான் நிறம். ஓரங்களுக்கு முதலில் பிரஷ், நடுவுக்கு 9 அங்குல ரோலர். ரோலரைப் பெயிண்டில் குளிப்பாட்டாமல் தட்டில் உருட்டிப் பிழிந்து அடியுங்கள். இரண்டாவது கைக்கு முன் நான்கு மணி நேரமாவது விடுங்கள். மழை நாளில் இன்னும் அதிகம். ஓரத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பைப் பெயிண்ட் முழுசாகக் காய்வதற்குள், சற்று ஈரமாக இருக்கும்போதே சாய்வாக இழுத்து எடுங்கள். மறுநாள் எடுத்தால் கூடவே பெயிண்டும் கிழியும்.

பழைய கட்டடமாக இருந்தால் கதவு, ஜன்னல் கம்பிகளின் எனாமலை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம், அந்தத் தூசி குழந்தைகளுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் இருக்கிறது, அதை வாங்குங்கள். என் அப்பாவின் காலத்தில் இதை யாரும் சொல்லவில்லை. அவர் கைக்குட்டையைக்கூட மூக்கில் கட்டாமல்தான் நாற்பது வருஷம் தேய்த்தார்.

இனி வீட்டில் ஏற்கனவே இருக்கிறவை. அடுத்த முறை மதுரை போனால் பரண்மேல் ஏறிப் பாருங்கள். ஒரு டிரங்குப் பெட்டி இருந்தே தீரும். எங்கள் ஹாலில் டீப்பாயாக நிற்பது என் மாமியார் கல்யாணத்துக்குக் கொண்டு வந்த தகரப் பெட்டி. எடுத்து வந்தபோது அடி முழுக்கத் துரு, மூடியில் யாரோ சாக்பீஸில் எழுதிய பால் கணக்கு. வராந்தாவில் செய்தித்தாள் விரித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். 80 நம்பர் தாளால் துருவைச் சுரண்டி, 220-ஆல் வழவழப்பாக்கி, டர்பன்டைன் தொட்ட துணியால் துடைத்தேன். அதன் மேல் ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை. பெட்டி முழுக்கச் செங்கல் நிறமாக நின்றதைப் பார்த்து மனைவி, "இதுவே நல்லாத்தானே இருக்கு" என்றாள். மறுநாள் அடர்பச்சை எனாமல் இரண்டு கை, மெல்லிசாக. கனமாக ஒரே கையில் அடித்தால் வழிந்து கண்ணீர்க் கோடு விழும். கொக்கியையும் கைப்பிடியையும் மட்டும் பெயிண்ட் படாமல் டேப் சுற்றி வைத்து, கடைசியில் புளி போட்டுத் தேய்த்ததில் பித்தளை வெளியே வந்தது. இவ்வளவு வருஷமாக அது பித்தளை என்று யாருக்குமே தெரியாது. மூடியின் மேல் வெள்ளை எனாமலில் பழைய பிரஷ் நுனியால் 7 புள்ளி சிக்குக் கோலம் ஒன்றை என் மனைவி போட்டாள். ஒரு இழை எங்கோ தப்பிவிட்டது. வருகிறவர்கள் அது எந்த இழை என்று தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். மொத்தச் செலவு 600 ரூபாய்க்குள். உள்ளே குளிர்காலப் போர்வைகள் இருக்கின்றன. ஐந்து முறை வண்டி ஏறி இறங்கிவிட்டது.

அடுத்து ஒரு மர வேலை. நீங்கள் முதல்முறை செய்வதானால் நாற்காலி, கட்டில் பக்கம் போகாதீர்கள். தாழ்வான புத்தக அலமாரி ஒன்று செய்யுங்கள், தப்பு செய்தாலும் தாங்கும். பிளைவுட் முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி. 18 மி.மீ. தடிமனில் அரை ஷீட், அதாவது 4 அடிக்கு 4 அடி கொடுக்கிற கடையாகப் பாருங்கள். மைசூர் ரோட்டு டிம்பர் யார்டு லேஅவுட் பக்கம் கடைகள் நிறைய. அங்கேயே மெஷினில் ஓரடி அகலத்தில் நான்கு பட்டையாக அறுத்து வாங்குங்கள். மூன்று பட்டைகளில் தலைக்கு 3 அடிப் பலகை ஒன்று: மேல், நடு, கீழ். நான்காவது பட்டையைப் பாதியாக அறுத்தால் 2 அடியில் இரண்டு பக்கப் பலகை. ஒவ்வொரு அறுப்பிலும் ரம்பம் 3 மி.மீ. தின்னும், அதனால் 'சரியாக ஓரடி' என்று கேட்காமல் 'நாலும் ஒரே அளவு' என்று கேளுங்கள். மிஞ்சும் ஓரடித் துண்டுகள் செடித் தொட்டிக்குப் பலகையாகும்.

3 அடிக்கு மேல் நீளம் வைக்காதீர்கள். நடுவில் தாங்கல் இல்லாத பலகை புத்தக எடையில் வருஷம் போகப்போகத் தொய்யும். பிளைவுட் ஓரத்தில் ஸ்க்ரூவை நேராக முடுக்கினால் அடுக்கு பிளக்கும். முதலில் 3 மி.மீ. பிட்டால் ஓட்டை போட்டு, ஃபெவிகால் தடவி, அப்புறம் முடுக்குங்கள். முடுக்கியதும் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளவு டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றானால் அலமாரி நேராக நிற்கிறது. முதுகுக்கு 4 மி.மீ. பிளை ஒன்றைக் கட்டாயம் அடியுங்கள், இல்லாவிட்டால் பக்கவாட்டில் ஆடும். உப்புத்தாள், ஓரத்துக்குப் பட்டை, வார்னிஷ் இரண்டு கை, அவ்வளவுதான். கைப்பிடியோ குமிழோ தேவைப்படும் வேலை வந்தால், 60 கிலோமீட்டரில் சென்னபட்டணா இருக்கிறது. அரக்குப் பூசிக் கடைந்த மரக் குமிழ்கள் பளபளவென்று இருக்கும். ஓனரின் பழைய பீரோவில்கூடக் குமிழை மாற்றிவிட்டு, போகும்போது பழையதை மாட்டிவிடலாம்.

பேக்கிங் மரத்தில் செய்கிறேன் என்றால் கட்டையில் சூடு போட்ட முத்திரையைப் பாருங்கள். ஹெச்.டி. என்றிருந்தால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம். பழைய சோபா, கட்டில் வாங்கினால் தையல் மடிப்புகளில் மூட்டைப்பூச்சி, கால்களுக்கு அடியில் உளுத்த மரத்தூள், இரண்டையும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பி.வி.கே. ஐயங்கார் சாலைப் பக்கம் ஞாயிறு காலை கூடும் சண்டே பஜாரில் பழைய கடிகாரம், விளக்கு, சட்டங்கள் நல்லதாகச் சிக்கும். சீக்கிரம் போய், "ஸ்வல்ப கம்மி மாடி" (கொஞ்சம் குறையுங்கள்) என்று கன்னடத்தில் ஆரம்பித்தால் பாதி வழியில் கடைக்காரரே தமிழுக்கு வந்துவிடுவார்.

படங்கள் மாட்டுவதில் ஒரே தப்பைத்தான் எல்லா வீட்டிலும் பார்க்கிறேன்: சாமி படம் மாதிரி உயரத்தில் மாட்டிவிடுகிறார்கள். படத்தின் நடு, தரையிலிருந்து 5 அடிக்குச் சற்றுக் குறைவாக இருக்கட்டும். சோபாவுக்கு மேல் என்றால் அதன் முதுகிலிருந்து ஏழெட்டு அங்குலம் போதும். ஐந்தாறு படம் சேர்த்து மாட்டுவதானால், ஒவ்வொன்றின் அளவுக்கும் செய்தித்தாள் வெட்டிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் தள்ளித் தள்ளிப் பார்த்து, பிடித்த பிறகு ட்ரில் எடுங்கள். ரசமட்டம் தனியாக வாங்க வேண்டாம், போனிலேயே இருக்கிறது. ஒட்டி மாட்டும் பட்டைகள் நல்ல எமல்ஷன் சுவரில் நிற்கும், பொடி உதிரும் சுவரில் நிற்காது. எங்கள் குடும்பப் படம் ராத்திரி இரண்டு மணிக்கு விழுந்து தெருவே எழுந்தது. சட்டத்துக்குள் என்ன போடுவது? தாத்தாவின் கையெழுத்துக் கடிதம், பழைய ரேஷன் கார்டு, பாட்டியின் சேலை முந்தானைத் துண்டு. சாமி படம் போடும் கடையில் கொடுத்தால் கண்ணாடியும் சட்டமும் மாட்டித் தருவார்கள்.

செடிக்கு நீளமாக எழுதப் போவதில்லை. மண்தொட்டிக்குப் பென்சன் டவுனை ஒட்டிய பாட்டரி டவுன், செடிக்கு லால்பாக்கை ஒட்டிய சித்தாபுரா நர்சரிகள். புதுத் தொட்டியை ஒரு இரவு தண்ணீரில் போட்டு எடுங்கள். தட்டில் தண்ணீர் நிற்கவிட்டால் டெங்கு கொசு வளரும். விநாயகர் சதுர்த்திக்கு முந்தைய வாரங்களில் பாட்டரி டவுன் முழுக்கப் பிள்ளையார்தான். தொட்டி வாங்க அப்போது போகாதீர்கள், ஆனால் வேடிக்கை பார்க்கப் போங்கள்.

செங்கல் மாதிரி தெரியும் ஃபோம் ஷீட், பிளாஸ்டிக் இலைக் கொடி, ஆங்கில வாசகம் எழுதிய பலகை, சமையல் மேடைக்கு ஒட்டும் மார்பிள் ஸ்டிக்கர், இந்த நான்கும் வேண்டாம். ஃபோம் ஷீட்டை எடுக்கும்போது சுவரின் பெயிண்டையும் கூட்டிக்கொண்டு வரும். ஸ்டிக்கருக்கு அடியில் தண்ணீர் இறங்கிக் கறுக்கும். மற்ற இரண்டும் என் சொந்த வெறுப்பு, விட்டுவிடுங்கள்.

செலவைக் கூட்டிப் பார்த்தால், என் கைக்கணக்கில் விளக்குகளுக்கு 2,000. நான்கு சுங்குடி, லைனிங், கம்பி, தையல் எல்லாம் சேர்த்து 7,000. சுவர் 2,200, பெட்டி 600, அலமாரி 3,000, படச் சட்டங்கள் 1,500, செடி 1,200. ட்ரில் மெஷினைப் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குங்கள். பிட், ஸ்க்ரூ, அதற்காகச் சுவர் ஓட்டையில் செருகும் பிளாஸ்டிக் பிளக், இவற்றுக்கு 500 வையுங்கள். 18,000. கடைக்குக் கடை விலை மாறும், ஆனால் எந்த இனத்துக்கு எவ்வளவு என்ற விகிதம் பெரிதாக மாறாது. ஒரே மாதத்தில் எல்லாம் செய்ய வேண்டியதில்லை. விளக்கும் திரையும் இந்த மாதம், மற்றது வாரத்துக்கு ஒன்று.

மிஞ்சிய பெயிண்ட் என்றேனே. அதைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, மூடியில் நிறத்தின் நம்பரை எழுதிப் பரணில் வையுங்கள். ஓனர் அடித்திருக்கும் வெள்ளையிலும் கால் லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள், பெயரை அவரிடமே கேட்டு. காலி செய்கிற வாரம் பிளக்கை இடுக்கியால் உருவி, ஓட்டையில் பட்டியை அழுத்தி அடையுங்கள். பற்பசை வைத்து அடைக்கலாம் என்பார்கள், அது சுருங்கி மஞ்சளாகிக் காட்டிக்கொடுத்துவிடும். காய்ந்ததும் ஒரு தேய்ப்பு, பாட்டிலிலிருந்து இரண்டு தொடுப்பு. சாவி கொடுக்கும்போது அந்தப் பாட்டிலையும் ஓனர் கையில் கொடுங்கள். கடந்த முறை நான் கொடுத்தபோது அவர் டார்ச் அடித்துச் சுவரைத் தடவிப் பார்த்தார், ஓட்டை எங்கே என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை.